இசக்கி என்ற பெயரை வேண்டாம் என்று சொல்லும் முன்

நாகர்கோவில் பக்கம் பெண்பிள்ளை பிறந்ததும் பாட்டி பெயரை வைக்கலாமா என்று பேச்சு வரும். பாட்டி இசக்கியம்மாள் என்றால், "அது பேய்ப் பேரு, வேண்டாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தவறு தொடங்குவதே அங்கேதான்.

இசக்கி என்பது நம் பக்கத்து நாட்டார் அம்மனின் பெயர், இயக்கி என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. உயிர் உசிராகவும் முயல் மொசலாகவும் பேச்சில் மாறியதுபோல இயக்கி இசக்கியானாள். சிலப்பதிகாரத்தில் மாதரி, மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கண்ணகியோடு வந்த சமணத் துறவி கவுந்தியடிகளைக் காண்கிறாள். கண்ணகி மாதரியிடம்தான் அடைக்கலமாகிறாள். சமணத்தில் தீர்த்தங்கரரின் காவல் தெய்வமும் இயக்கிதான். நம் சிதறால் மலைப் பாறையில் செதுக்கியிருக்கும் அம்பிகையும் பத்மாவதியும் அப்படிப்பட்டவர்களே.

சரி, பேய் எங்கிருந்து வந்தது? 1956 வரை குமரிப் பக்கத்து நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் மலையாளத்துப் பேயான யட்சியின் கதை கேட்டு வளர்ந்ததால் அவளையும் இசக்கியம்மனையும் ஒன்றாக்கிவிடுகிறோம். அதற்காக அம்மனின் கோபத்தை மறைக்கவும் வேண்டாம். நகைக்காகக் கொல்லப்பட்ட பெண் மறுபிறவியில் வந்து பழிதீர்ப்பதைத்தான் கொடை விழாவில் வில்லுப்பாட்டாகப் பாடுகிறார்கள். அது அநியாயம் செய்தவன்மேல் வந்த கோபம். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் கோயிலில் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறவர்கள் அவளைத் தாயாகத்தான் பார்க்கிறார்கள். நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு இந்தப் பெயரை வைப்பதுண்டு. உங்கள் பாட்டியும் அப்படி வந்தவராக இருக்கலாம், வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பெண்ணுக்கு மட்டும் உரிய பெயர் என்பதும் சரியல்ல. இசக்கிமுத்து என்ற பெயரில் ஆண்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. ஈசாக்கு என்ற பைபிள் பெயரோடும் இதைக் குழப்ப வேண்டாம்.

அப்புறம் ஆங்கில எழுத்து. பிறப்புச் சான்றிதழில் 'ஐ' என்ற எழுத்திலும் ஆதாரில் 'ஈ' என்ற எழுத்திலும் பெயர் தொடங்கி, பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலேயே ஒருத்தி அப்படி அலைந்தாள். இரண்டில் எது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை, அதனால் அவசரப்படாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுக்கலாம்.