விக்டோரியா காலத்து மாலைத் தேநீர் விருந்து: வீட்டிலேயே நடத்துவது எப்படி?

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மாலைத் தேநீருக்கு விருந்தாளிகள் வந்தால், வீட்டுத் தலைவியே டீ ஊற்றித் தருவார். வேலைக்காரர்கள் நிறைந்த மாளிகையாக இருந்தாலும் சரி, கெட்டிலையும் தட்டுகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். பால் வேண்டுமா, சர்க்கரை எத்தனை கட்டி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, கோப்பையைக் கையில் கொடுப்பது அந்த அம்மாளின் வேலை. இந்தச் செய்முறை முழுக்க அதைச் சாத்தியமாக்கத்தான். நான்கு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து மணி வரை நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. அடுப்படிக்கும் ஹாலுக்கும் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன பீங்கான் வைத்தாலும் அது டிபன் பரிமாறுவதுதான்.

வழக்கம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1840 வாக்கில் இங்கிலாந்து மேல்தட்டு வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத் தள்ளிப்போயிருந்தது. மதியம் சாப்பிடுவதோ கொஞ்சம்தான். இடையில் வரும் பசிக்கு பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா மரியா டீயும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் வரவழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார், பிறகு தோழிகளையும் கூப்பிட்டார் என்பார்கள். ஆக, இது வயிற்றை நிரப்பும் விருந்து இல்லை. அளவு சின்னதாக இருப்பதுதான் இதன் அழகு.

எத்தனை பேர், எங்கே

உங்களையும் சேர்த்து ஆறு பேர். அதற்கு மேல் வேண்டாம். 1.2 லிட்டர் பிடிக்கும் டீ பாட் (தேநீர்க் குடுவை) ஒன்றில் ஆறு கோப்பை வரும் என்பது ஒரு காரணம். ஆறு பேர் வரைக்கும்தான் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசுவார்கள் என்பது இன்னொன்று.

சாப்பாட்டு மேசையில் போடாதீர்கள். அந்தக் காலத்தில் வரவேற்பறையில், தாழ்வான மேசைகளைச் சுற்றி உட்கார்ந்துதான் குடித்தார்கள். சோபா, நாற்காலிகள், பக்கத்தில் ஆளுக்கு எட்டுகிற மாதிரி சின்ன ஸ்டூல்கள் போதும். உங்கள் நாற்காலி மட்டும் பிளக் பாயிண்ட் பக்கத்தில் இருக்கட்டும். ஏன் என்று டீ பகுதியில் தெரியும்.

பாத்திரங்கள்

மூன்றடுக்குத் தட்டு ஸ்டாண்டை வாங்க வேண்டாம். இடம் குறைந்த ஹோட்டல் மேசைக்கு அது வசதி. வீட்டில் மூன்று நல்ல தட்டுகளைக் கைமாற்றிக் கொடுத்தால் ஒருவருக்கொருவர் பேச அதுவே ஒரு காரணமாகும். அந்தப் பணத்தை இரண்டு டீ பாட்களில் போடுங்கள். ஆம், இரண்டு, உள்ளே எடுத்துவிடக்கூடிய ஸ்டீல் சல்லடைக் கூடையோடு. சங்கிலியில் தொங்கும் உருண்டை வடிகட்டி எனக்குப் பிடிக்காது, அதற்குள் இலை விரிய இடமே இல்லை.

கோப்பை சாசர்கள் ஒரே செட்டாக இருக்க வேண்டியதில்லை. அகன்ற வாயும் மெல்லிய விளிம்பும் இருந்தால் சரி. அப்புறம் ஆளுக்கு ஒரு சின்னத் தட்டு, சின்னக் கத்தி, துணி நாப்கின். பால் ஜாடி, கட்டிச் சர்க்கரை, அதை எடுக்க இடுக்கி. இவற்றோடு ஒரு காலிக் கிண்ணமும் வேண்டும். கோப்பை அடியில் மிஞ்சும் ஆறிய டீயை அதில் கொட்டிவிட்டுத்தான் அடுத்த சுற்று ஊற்ற வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் இரண்டாவது கோப்பையின் ருசியே இதில்தான் இருக்கிறது.

பூக்கள் வைத்தால் எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்காத உயரத்தில் வையுங்கள்.

முந்தின இரவு: கிரீம்

ஸ்கோன் என்ற சின்ன உப்பிய ரொட்டிக்கு மேல் வைக்கும் கிளாட்டட் கிரீம் (திரண்ட பாலாடை) தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் பகுதிகளின் சொத்து. கார்ன்வால் கிரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. நம் கடைகளில் அட்டைப் பெட்டியில் வரும் பிரெஷ் கிரீம் பெரும்பாலும் 25 சதவீதம். அதை எவ்வளவு நேரம் ஓவனில் வைத்தாலும் திரளாது. வெண்ணெயும் கிரீமும் அடித்துச் சேர்த்தால் போதும் என்பார்கள், எனக்கு அந்த ருசி ஒப்பவில்லை.

பழைய பண்ணை முறையே நமக்குச் சுலபம். கறந்த எருமைப் பால் இரண்டு லிட்டர் வாங்குங்கள். ஹோமோஜெனைஸ் செய்த பாக்கெட் பால் உதவாது, அதில் கொழுப்பு தனியே மேலே மிதந்து வராது. வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் எட்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பிறகு பாத்திரத்தை மெதுவாகத் தூக்கி, இருப்பதிலேயே சின்னத் தீயில் ஒரு மணி நேரம் வையுங்கள். கரண்டி போடவே கூடாது, கொதிக்கவும் விடக் கூடாது. ஆடை தடித்து, மஞ்சள் ஓடி, விளிம்பில் சுருக்கம் விழுந்து, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் தெரியும்போது அணைத்துவிடுங்கள். ஆறியதும் மறுபடி இரவு முழுக்க ஃபிரிட்ஜ். காலையில் கண் கரண்டியால் மடித்து மடித்து எடுத்தால் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய வரும். ஆறு பேருக்குத் தாராளம். மீதிப் பாலைத் தயிருக்கு உறை ஊற்றிவிடலாம்.

கணக்குப் பார்த்தால் விருந்துக்கு முந்தின நாள் காலையிலேயே பாலை வாங்கிவிட வேண்டும்.

கேக்கும் ஸ்கோனும்

விக்டோரியா ஸ்பாஞ்ச் ராணியின் பெயரால் வந்த கேக். ஆல்ஃபிரட் பேர்ட் 1843ல் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்த பிறகுதான் வெண்ணெய் கேக் இப்படி உப்பி வந்தது. மூன்று முட்டையை ஓட்டோடு எடை போடுங்கள். வெண்ணெய், சர்க்கரை, மைதா ஒவ்வொன்றும் அதே எடை, கூடவே ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். இரண்டு தட்டையான டின்களில் 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். நடுவில் ராஸ்ப்பெர்ரி அல்லது ஸ்ட்ராபெர்ரி ஜாம், மேலே பொடித்த சர்க்கரை தூவினால் முடிந்தது. ஐசிங் பூ எல்லாம் வேண்டாம். காலையிலேயே செய்துவிடலாம்.

ஸ்கோனுக்கு 250 கிராம் மைதா, மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, 25 கிராம் சர்க்கரை. 60 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துக் கலந்து, 140 மில்லி பால் விட்டுச் சேருங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையக் கூடாது, ஒட்டிக்கொண்டதும் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, மாவில் தோய்த்த அச்சால் நேராக அழுத்தி வெட்டுங்கள். அச்சைத் திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஸ்கோன் சாய்ந்து எழும்பும். 220 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம். மூன்றரை மணிக்கு ஓவனிலிருந்து எடுத்து துணியில் சுற்றி வைத்தால் பரிமாறும்போது வெதுவெதுப்பு இருக்கும். கத்தியால் அறுக்காமல் கையால் பிளந்து சாப்பிட வேண்டும்.

வெள்ளரி சாண்ட்விச்

இதற்கு மூன்று மணிக்கு மேல்தான் உட்கார வேண்டும். நம் வெள்ளரிக்காயில் விதை அதிகம், அதைச் சுரண்டிவிட்டுத் தோலைச் சீவி, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வெட்டுங்கள். உப்புத் தூவி 20 நிமிடம் வடியவிட்டு, துணியில் ஒற்றி எடுங்கள். வெள்ளை பிரெட்டில் மிருதுவான வெண்ணெயை ஓரம் வரை தடவுவது முக்கியம். வெண்ணெய்தான் ரொட்டி ஊறிப்போகாமல் காக்கிறது. வெள்ளை மிளகுத் தூள் கொஞ்சம். மூடி அழுத்திய பிறகுதான் ஓரங்களை வெட்டி, விரல் அளவில் மூன்றாக நறுக்க வேண்டும். ஆளுக்கு நான்கு துண்டு போதும்.

டீ

எனக்கு அதிக நேரம் எடுத்த பகுதி இதுதான். பேச்சு சுவாரசியத்தில் இலை பாட் உள்ளேயே கிடந்து, இரண்டாவது கோப்பை கசந்துவிடும். அதற்குத்தான் இரண்டு பாட், இரண்டு கூடை.

முதலில் இலை. வழக்கமாக நாம் வாங்கும் குருணைத் தூள், இலையை இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையில் வருவது. அந்த இயந்திரம் 1930களில்தான் வந்தது, விக்டோரியா காலத்தில் யாரும் அதைக் குடித்திருக்க முடியாது. ஆர்த்தடாக்ஸ் என்று போட்ட முழு இலைத் தேயிலை வாங்குங்கள். 1890களின் மேசையைக் கொண்டுவர வேண்டுமென்றால் என் தேர்வு இலங்கை மலைகளின் நுவரெலியா அல்லது திம்புல. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டார். காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்ததும் மலையெங்கும் தேயிலையாயிற்று. அந்தச் சீமாட்டிகளின் கோப்பைக்கு வந்த இலையைக் கிள்ளியவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து போன நம் ஜனங்கள். இதைச் சொல்லாமல் அந்தத் தேயிலையை ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. விருந்திலும் சொல்கிறேன். பக்கத்திலேயே வேண்டுமென்றால் குன்னூர் ஆர்த்தடாக்ஸும் அருமையாக இருக்கும்.

அந்தக் காலத்தில் மேசை மேலேயே ஸ்பிரிட் விளக்கில் கெட்டில் கொதிக்கும். நமக்கு எலெக்ட்ரிக் கெட்டில், அதனால்தான் பிளக் பாயிண்ட் பேச்சு. கெட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடித் தண்ணீரும் வையுங்கள்.

ஒவ்வொரு கூடையிலும் 15 கிராம் இலையை முன்பே நிறுத்துப் போட்டு வைக்கவும். முதல் பாட் உள்ளே கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டுங்கள். பாட் சூடாகாவிட்டால் டீ பாதியிலேயே ஆறிப்போகும். கூடையை வைத்து, தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி, மூடி, நான்கு நிமிடம். நேரம் முடிந்ததும் கூடையை எடுத்துக் காலிக் கிண்ணத்தின் பக்கம் ஒரு தட்டில் வைத்துவிடுங்கள். இனி எவ்வளவு நேரம் பேசினாலும் கசக்காது. பாட் பாதியாகும்போது கெட்டிலை மறுபடி போட்டு, இரண்டாவது பாட்டை அதே மாதிரி ஆரம்பியுங்கள். டீ லைட்டாக வேண்டும் என்பவருக்கு வெந்நீர் கலந்து கொடுங்கள்.

பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஆடை எடுத்துவிடவும். எலுமிச்சை கேட்பவருக்கு மெல்லிய வில்லை, அந்தக் கோப்பையில் பால் சேரக் கூடாது, திரிந்துவிடும். சாசரோடு கொடுங்கள், கைப்பிடி அவர் வலக்கைப் பக்கம் இருக்கட்டும். சுண்டுவிரலை நீட்டுவது மரியாதை என்பது வெறும் கதை. கரண்டி கோப்பையில் இடிக்காமல் கலக்கினால் போதும்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்தவர்கள் கேட்டதிலிருந்து சில. மின்விசிறிக்குக் கீழே சாண்ட்விச் பத்து நிமிடத்தில் விறைத்துவிடுகிறது என்று பலர் எழுதினார்கள். ஈரத் துணியைப் பிழிந்து மேலே போட்டு, முதல் கோப்பை ஊற்றிய பிறகு எடுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் ட்ராப் ஸ்கோன் செய்யலாம். முட்டை, பால், மைதா, பேக்கிங் பவுடர் கரைத்து தோசைக்கல்லில் சின்ன வட்டமாக ஊற்றித் திருப்புவது. ஸ்காட்லாந்தில் இன்றும் தேநீரோடு வைக்கிறார்கள்.

ஜாம் முதலிலா, கிரீம் முதலிலா? கார்ன்வாலில் ஜாம் மேல் கிரீம், டெவனில் கிரீம் மேல் ஜாம். நான் கார்ன்வால் பக்கம். வெதுவெதுப்பான ஸ்கோனில் கிரீமை முதலில் வைத்தால் உருகி ஓடுகிறது.

தங்க விளிம்புக் கோப்பைகளை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பொறி பறக்கும். டீக் கறையை ஈரத் துணியில் சமையல் சோடா தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். தங்கப் பூச்சின் மேல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.