நமக்கு நாமே தைத்துக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ச் டேப்பை வயிற்றைச் சுற்றிப் பிடித்த அடுத்த நொடி மூச்சை உள்ளே இழுப்பது. தைக்கப் பழகுகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். டேப் 41 காட்டினால் 40 என்று எழுதிக்கொள்வார்கள், அதையும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து 39 ஆக்கி, அந்தக் கணக்கில் துணியை வெட்டி, தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தால் நிற்கும்போது சரியாகத்தான் தெரியும், உட்கார்ந்தால் வயிற்றிலும் பின்பக்கமும் பிடிக்கும். உடனே இரண்டு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: எனக்குத் தையல் வராது, என் உடம்பு சரியில்லை. இரண்டுமே பொய். எழுதின நம்பர் மட்டும்தான் தப்பு.

அளவு எடுக்கும்போது சாதாரணமாக மூச்சு விடுங்கள். அந்த உடுப்புக்கு உள்ளே எதைப் போடுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு எடுங்கள், ஏனென்றால் பிராவை மாற்றினால் மார்பு அளவு, டாட் பாயிண்ட் உயரம் இரண்டுமே மாறிவிடும் (டாட் என்பது மார்பின் வடிவம் வர துணியை மடித்துப் பிடிக்கும் தையல், டாட் பாயிண்ட் உயரம் என்பது ஷோல்டரிலிருந்து மார்பு முனை வரை). குர்திக்கு சீட் அளவை (இடுப்புக்குக் கீழே அகலமான இடத்தின் சுற்றளவு) நின்று ஒரு தடவை, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை எடுங்கள். உட்காரும்போது எவ்வளவு கூடுகிறதோ அதற்கும் சேர்த்துத் துணி விட வேண்டும். ஷோல்டரையும் முதுகையும் நமக்கு நாமே எடுக்க முடியாது, கையைத் தூக்கினாலே அளவு மாறும், வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். பழைய துணி டேப்பாக இருந்தால் ஸ்கேலோடு வைத்து ஒருமுறை சரிபாருங்கள், இழுத்து இழுத்து அது நீண்டிருக்கும்.

இதோடு ஒட்டியே வருவது, “எப்படியும் இளைக்கப் போகிறேன்” என்று இன்னும் வராத உடம்புக்குத் தைப்பது. இளைத்தால் பிடித்துக்கொள்ளலாம், அது அரைமணி நேர வேலை. சிறிதாக வெட்டிய துணியைப் பெரிதாக்க முடியாது. நம் ஊர்த் தையல்காரர்கள் ஜாக்கெட்டின் பக்கவாட்டில் ஒன்றரை இன்ச் வரை துணியை உள்ளே விட்டு, முதல் தையலுக்கு அடுத்து இன்னும் இரண்டு மூன்று தையல் ஓட்டி வைப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? உடம்பு போட்டால் உள் தையலைப் பிரித்தால் போதும். பிரசவம், தைராய்டு, மாதவிடாய் நிற்கிற வயது, மாத்திரை என்று ஒரு பெண்ணின் உடம்பு எத்தனையோ தடவை மாறும் என்பதை அவர்கள் வெட்டும்போதே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயம் இது. ரெடிமேடில் பெரும்பாலும் அரை இன்ச்கூட விடாமல் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் நூல் சுற்றும் தையல்) அடித்துவிடுவார்கள், பிரிக்க ஒன்றும் இருக்காது. நீங்களே தைக்கும்போது அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து காப்பியடிக்காதீர்கள்.

சரி, ரெடிமேட் என்றதும் இன்னொன்று. கடையில் எக்ஸ்எல் போட்டுப் பார்த்து ஷோல்டர் தொங்கி, மார்பில் பிடித்து, கை புஜத்தில் நுழையாமல் நின்ற அனுபவத்தோடுதான் நிறைய பேர் மெஷின் முன்னால் வந்து உட்காருகிறார்கள், தன் உடம்பு எந்த அளவுக்குள்ளும் அடங்காத ஒன்று என்ற நினைப்போடு. அந்த எஸ், எம், எல் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இந்தியாவில் விற்கும் உடுப்புகளின் அளவுகள் பெரும்பாலும் வெளிநாட்டு அளவு அட்டவணைகளைப் பார்த்து மாற்றிக்கொண்டவை. இந்திய உடம்புகளுக்கென்று ஒரு அட்டவணை வேண்டும் என்பதற்காகவே நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) ‘இந்தியாசைஸ்’ என்ற அளவெடுப்பைத் தொடங்கியது, 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளப்பது என்பது திட்டம். நம்மை வைத்து வெட்டாத சட்டை நமக்குப் பொருந்தாமல் போனதற்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஆனால் அதே தவறு வீட்டிலும் நடக்கிறது, ஃபார்முலா என்ற பெயரில். மார்புச் சுற்றளவை நான்கால் வகுத்து, அதிலிருந்தே ஆர்ம்ஹோல் (கை இணையும் வளைவு), அதிலிருந்தே ஷோல்டர் என்று ஒரே நம்பரை வைத்து முழு ஜாக்கெட்டையும் வெட்டச் சொல்லித்தருகிறார்கள். இரண்டு பேருக்கு 38 மார்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதுகு அகலம், மார்பு சிறியது. இன்னொருவருக்கு முதுகு ஒடுக்கம், மார்பு பெரியது. இருவருக்கும் ஒரே கட்டிங் எப்படிச் சரியாக வரும்? இரண்டாமவருக்கு முதுகில் துணி தொளதொளவென்று நிற்கும், கழுத்து விலகும், ஷோல்டர் இறங்கும், முன்பக்கத்தில் மட்டும் ஹூக் விரிந்து இடைவெளி தெரியும். இதைச் சரிசெய்ய ஒரு அளவைக் கூடுதலாக எடுத்தால் போதும். அக்குளுக்குக் கீழாக, மார்புக்கு மேலாக டேப்பைச் சுற்றி எடுக்கும் மேல் மார்பு அளவு அது. மேல் மார்புக்கும் முழு மார்புக்கும் வித்தியாசம் இரண்டு இன்ச் அளவில் இருந்தால் வழக்கமான கட்டிங் ஏறக்குறைய உட்காரும். மூன்று, நான்கு என்று போனால் ஷோல்டர், கழுத்து, ஆர்ம்ஹோல், முதுகு எல்லாவற்றையும் மேல் மார்பை ஒட்டி வெட்டிவிட்டு, முன்பக்கத்துக்கு மட்டும் அகலமும் நீளமும் கூட்டி, அந்தக் கூடுதல் துணியை டாட்டில் பிடிக்க வேண்டும். அகலத்தை மட்டும் கூட்டி நீளத்தை மறந்தால் முன்பக்கம் மேலே ஏறி வயிறு தெரியும். பெரிய மார்பு உள்ளவர்கள் வாழ்நாள் முழுக்க புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு இன்ச் நீளம்தான் என்று எனக்குத் தோன்றும்.

அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டுவது சுலபம்தான். ஆனால் எந்த ஜாக்கெட் என்று பாருங்கள். கல்யாணத்துக்குத் தைத்ததை எடுத்து வைத்து, சுற்றளவை மட்டும் கூட்டி வெட்டினால் டாட் பழைய இடத்திலேயே நிற்கும். மார்பு இறங்கியிருக்கும், டாட் முனை மேலே கூம்பாக நிற்கும். வயதுக்கும் பால் கொடுத்ததற்கும் பிறகு மார்பு இறங்குவது இயல்பு, டாட்டும் கூடவே இறங்க வேண்டும். ஷோல்டரிலிருந்து மார்பு முனை வரை இன்றைக்கு என்ன அளவோ அதைப் புதிதாக எடுங்கள், டாட் முனையை அதற்கு முக்கால் இன்ச் முன்னாலேயே நிறுத்துங்கள்.

கை பிடித்தால் ஆர்ம்ஹோலைக் கீழே வெட்டிப் பெரிதாக்குவது அடுத்தது. தோன்றுகிற வைத்தியம் அதுதான், பலன் நேர் எதிர். ஆர்ம்ஹோல் இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது மொத்த ஜாக்கெட்டும் சேர்ந்து மேலே ஏறும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால் தெரிந்துவிடும். புஜம்தான் பெரிதென்றால் கையின் சுற்றளவைக் கூட்டுங்கள், ஆர்ம்ஹோல் அக்குளுக்குக் கிட்டத்தில் இருக்கட்டும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடியில் எதைப் பார்க்கிறோம் என்பதிலும் ஒரு தவறு இருக்கிறது. நேராக வயிற்றைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, கழற்றி வைத்துவிடுகிறோம். சுருக்கங்களைப் பாருங்கள், எந்த இடத்தில் என்ன வேண்டும் என்று அவை காட்டும். மார்பை நோக்கிச் சாய்வாக இழுக்கும் கோடுகள் என்றால் அங்கே துணி போதவில்லை. பின்கழுத்துக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு என்றால் முதுகு நீளம் கூடிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் ஷோல்டர் சரிகிறதா, அந்தத் தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். எத்தனையோ பேருக்கு இரண்டு தோளும் ஒரே உயரம் இல்லை. அந்தப் பக்கத்து ஷோல்டர் தையலில் கால் இன்ச் இறக்கிப் பிடித்தால் தீர்ந்தது. இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் கண்ணாடியைப் பார்க்கும் விதமே மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கண் குறை தேடுவதை விட்டுவிட்டு, துணியில் என்ன மாற்றலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறது.

முதல் முயற்சியிலேயே பட்டு ஜாக்கெட்டில் கை வைக்க வேண்டாம். ஜாக்கெட் நம் உடுப்புகளிலேயே கஷ்டமானது, பட்டில் பிரித்தால் ஊசித் துளை அப்படியே தெரியும். உள்பாவாடை, நைட்டி, தொளதொள குர்தி, அப்புறம் ஜாக்கெட். அதையும் முதலில் காடாத் துணியில் (வெளுக்காத பருத்தித் துணி) தைத்துப் பாருங்கள். ஈரோடு, பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் நெய்வது, விலை குறைவு, அதன்மேல் பேனாவால் கோடு போட்டுக் கிழித்து ஒட்டித் திருத்தலாம். பழைய பருத்தி வேட்டியும் போதும். காட்டன் என்றால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள், லைனிங்கையும் சேர்த்து. மேல்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை விட்டுவிட்டால் முதல் சலவையிலேயே உள்ளே சுருங்கி ஜாக்கெட் முழுக்க மடிப்பு மடிப்பாக இழுக்கும், அதையும் “குண்டாகிட்டேன்” கணக்கில் எழுதிக்கொள்வீர்கள்.

மெஷின் விஷயம் சுருக்கமாக. அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி மேல்நூல்தான். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி நூல் கோர்த்துப் பாருங்கள். மெல்லிய துணிக்கு 11, சாதாரண காட்டனுக்கு 14, தடித்த துணிக்கு 16 நம்பர் ஊசி. பனியன் துணிக்கு முனை மழுங்கிய தனி ஊசியும் ஜிக்ஜாக் தையலும் வேண்டும், நேர்த்தையல் இழுத்தால் அறுந்துவிடும். அரசின் இலவசத் திட்டத்தில் வந்த மெஷினோ அம்மாவின் பழைய கால்மெஷினோ பரணில் இருந்தால் எண்ணெய் விட்டு அதிலேயே தொடங்குங்கள், நேர்த்தையல் ஒன்று வந்தாலே ஜாக்கெட் வரை தைக்கலாம்.

அடுத்து, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். மெஷினும் துணியும் நம் கையில் இருந்தும் மற்றவர்கள் போட்ட சட்டத்துக்கே தைப்பது. கறுப்பாக இருந்தால் மஞ்சள் வேண்டாம், குண்டாக இருந்தால் பெரிய பூவும் குறுக்குக் கோடும் வேண்டாம், கை தடிமனாக இருந்தால் முழங்கை வரை மூடு. கடையில் வாங்கும்போதுதான் இருப்பதில் ஒன்றை எடுக்க வேண்டும், இங்கே அப்படி என்ன கட்டாயம்? ஆசைப்பட்ட மஞ்சள் சுங்குடியில் கையில்லாத குர்தி தைத்துப் போடுங்கள். காலரா, பின்பக்கம் ஹூக்கா, பால் கொடுக்க முன்பக்கம் ஜிப்பா, முழுக்க மூடின கழுத்தா, எல்லாம் உங்கள் இஷ்டம், மறைத்துக்கொள்ளப் பிடிக்கிறதென்றால் அதுவும்.

பாக்கெட் வையுங்கள், கட்டாயம் வையுங்கள். அதிலும் ஒரு தவறு நடக்கும், குர்தியின் பக்க ஓப்பனை (பக்கவாட்டுப் பிளவை) முதலில் குறித்துவிட்டு அப்புறம் பாக்கெட்டுக்கு இடம் தேடுவார்கள். பாக்கெட் முடிந்த பிறகுதான் ஓப்பன் தொடங்க வேண்டும், தேவைப்பட்டால் ஓப்பனை இறக்குங்கள். வாய் ஆறு இன்ச்சுக்குக் குறையக் கூடாது, உங்கள் கையை வைத்தே வரையுங்கள். மேல்துணி மெல்லியதாக இருந்தாலும் பைக்கு அழுத்தமான காட்டன் போடுங்கள், போன் கனத்தில் இழுக்காது.

பாதியில் யாரிடமும் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள். ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி போட்டு, கழுத்தும் ஹெம்மிங்கும் முடியும்வரை எந்த உடுப்பும் நன்றாகத் தெரியாது, அந்த நேரத்தில் வரும் ஒரு “என்ன இது?” போதும், மெஷினுக்கு மறுபடி உறை போட.

சரியாக உட்கார்ந்த காடா ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தையலைப் பிரித்து இஸ்திரி போட்டு, ஒவ்வொரு துண்டிலும் தேதி, மேல் மார்பு, முழு மார்பு, டாட் உயரம், எந்தத் தோளில் எவ்வளவு இறக்கினீர்கள் என்று எழுதி ஒரு கவரில் வையுங்கள், அடுத்த ஜாக்கெட்டுக்கு அதுதான் பேட்டர்ன். ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது டேப்பை மறுபடி ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, மாறியிருந்தால் பழைய நம்பரை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டு வெட்டுங்கள்.