கல்லீரல் கட்டியைச் சுடப் போகிறார்களா? முதலில் மூச்சைப் பழகுங்கள்

கட்டிக்குள் ஊசியை இறக்கிச் சூட்டால் அழிக்கும் அபலேஷன் சிகிச்சை அறையில் நிற்கும் நர்ஸ் நான். நாள் குறித்ததும் எல்லோரும் கேட்பது, "வலிக்குமா சிஸ்டர்?" வலிக்கு மருந்து எங்களிடம் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது வேறு: இன்றைக்கே மூச்சை நிறுத்திப் பழகுங்கள்.

மூச்சு விட விடக் கல்லீரல் மேலும் கீழும் போகும். டாக்டர் ஸ்கேனைப் பார்த்து ஊசியை இறக்கும் நேரத்தில் கட்டி நகராமல் இருந்தால்தான் குறி தப்பாது. முழு மயக்கம் என்றால் அதை மயக்க டாக்டர் பார்த்துக்கொள்வார். அரை மயக்கம் என்றால் உங்கள் பொறுப்பு. சாதாரணமாக இழுத்து, விட்டு, அங்கேயே நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து விநாடி போதும். நெஞ்சு முட்ட இழுத்து நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் அளவு மாறிவிடும்.

பேஸ்மேக்கர், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, பித்தநாளத்தில் முன்பு நடந்த ஆபரேஷன் எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இருந்தால் சுட்ட இடத்தில் சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சுடுவதற்கு ரேடியோ அலை, மைக்ரோவேவ் என்று முறைகள் உண்டு. ரேடியோ அலை முறையில் தொடைகளில் பெரிய பேடுகளை ஒட்டுவோம். ஊசி வழியே போகும் மின்சாரம் அங்கேதான் வெளியேறும். ஓரம் தூக்கியிருந்தால் தோல் வெந்துவிடும். அதனால் முடியை மழித்து, ஈரம் போகத் துடைத்து, ஓரமெல்லாம் விரலால் அழுத்திப் பார்ப்பேன். எண்ணெய், கிரீம் தடவிக்கொண்டு வராதீர்கள். மைக்ரோவேவ் முறையில் இந்தப் பேடே கிடையாது.

60 டிகிரியைத் தாண்டினால் செல்கள் உடனே செத்துவிடும். 100ஐத் தாண்டினால் சதை கருகி மின்சாரத்துக்கு வழியடைத்துக்கொள்ளும். அதனால் நிதானமாகத்தான் சூட்டை ஏற்றுவார்கள். அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசி முனையைச் சுற்றி வெள்ளைப் புகை போலக் குமிழிகள் கிளம்பும். 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிக்குத்தான் இது நன்றாக எடுபடும். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடினால், ரத்தம் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே மைக்ரோவேவ் தேவலை.

அப்புறம் சில நாள் லேசான காய்ச்சல், அசதி, வலது தோளில் வலி வரலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினால் உடனே வந்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து ஸ்கேன். கட்டி இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய கறுப்பு வட்டம் தெரியும். "வளர்ந்துடுச்சே!" என்று படத்தைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. சுற்றிலும் 5 முதல் 10 மி.மீ. நல்ல சதையையும் சேர்த்தே சுடுகிறோம், பெரிதாகத்தான் தெரியும். ஓரத்தைப் பற்றிக் கேளுங்கள். படம் தெளிவாகத் தெரிய நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேனில் ஒரு பக்கம் மட்டும் முடிச்சுப் போலப் பளிச்சென்று இருந்தால் கட்டி மிச்சமிருக்கலாம். இன்னொரு முறை சுட வேண்டியிருக்கும்.