மலைப்பாதை நடை: இறங்கும்போதுதான் கவனம்

காலை நடையில் மேடு ஏறும்போது மூச்சுதான் வாங்கும். முட்டியும் கால் நகமும் அடிவாங்குவது இறங்கும்போது. உச்சியில் ஒரு நிமிடம் நின்று ஷூ லேஸை அவிழ்த்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் நன்றாகப் பதியவைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். விரல் பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். கணுக்கால் பக்கம் இறுக்காவிட்டால் பாதம் முன்னால் சறுக்கி, பெருவிரல் நகம் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். ஷூ வாங்கும்போதே விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா பாருங்கள்.

முட்டியை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள். பயந்து பின்னால் சாய்ந்தால்தான் சரளையில் குதிகால் வழுக்கும். பனியில் நனைந்த சருகு, பாசிப் பாறை, மரவேர் மூன்றையும் மிதிக்காமல் தாண்டுங்கள். வேர்தான் ரொம்ப ஏமாற்றும்.