அங்கன்வாடி மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்பவருக்கு: இரண்டு மணி நேர வருகையை எப்படிப் பயன்படுத்துவது

அங்கன்வாடி பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து, பதவி உயர்வில் மேற்பார்வையாளராக வருகிறவர் முதல் வாரத்திலேயே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் ஏறத்தாழ 25 மையங்கள் இருக்கும். திட்ட அலுவலகக் கூட்டம், மாதாந்திர அறிக்கை, பயிற்சி, முகாம் என்று போகும் நாட்களைக் கழித்துவிட்டால், ஒரு மையத்துக்கு மாதத்தில் ஒரு முறை, அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குவது கடினம். மற்ற நாட்களில் அந்த மையம் உங்கள் கண் படாமல்தான் நடக்கும். ஆனால் நீங்கள் இல்லாத நாட்களிலும் அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு மணி நேரமே முடிவு செய்கிறது. ஏனெனில் பணியாளர்கள் கெட்டிக்காரர்கள்; மேடம் வந்தவுடன் எதை முதலில் கேட்கிறார் என்பதை இரண்டு மூன்று வருகைகளிலேயே கண்டுகொண்டு, அதை மட்டும் குறையில்லாமல் வைத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள்.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டபோது இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கான ஊட்டச்சத்து மற்றும் சுகாதாரக் கல்வி, முன்பருவக் கல்வி என்ற ஆறு சேவைகள் அதில் வைக்கப்பட்டன. இந்த ஆறில் எளிதாக நசுங்கிப் போவது முன்பருவக் கல்விதான். வெந்த முட்டையை எண்ணலாம், எடையை எண்ணலாம், போட்ட தடுப்பூசியை எண்ணலாம். சொன்ன கதையை எண்ண முடியாது. மேலிருந்து கேட்கப்படுவது எல்லாம் எண்ணாக இருக்கும்போது, எண்ண முடியாததைக் கேட்பதற்கு மையத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் மேற்பார்வையாளரே.

முதல் ஆண்டில் நான் செய்த தவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். மையத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேடுகளைக் கேட்பேன். பணியாளர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்பார். உதவியாளர் அடுப்பை விட்டு ஓடி வந்து பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார். குழந்தைகள் கைகட்டி, வாய்மேல் விரல் வைத்து வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒழுங்கு நன்றாக இருப்பதாகப் பார்வைக் குறிப்பில் எழுதிவிட்டும் வந்திருக்கிறேன். அந்த ஒழுங்கை உண்டாக்கியதே என் வருகைதான் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

முதல் அரை மணி நேரம்: பதிவேட்டைத் தொடாதீர்கள்

முடிந்தவரை காலைச் செயல்பாடு நடக்கும் நேரத்தில் போய்ச் சேருங்கள். வணக்கம் சொல்லிவிட்டு, நாற்காலியை மறுத்து, ஓர் ஓரமாகத் தரையில் பாயில் உட்காருங்கள். பணியாளர் எழுந்து நின்றால், "நீங்க பாட்டுக்கு நடத்துங்க டீச்சர், நான் கொஞ்ச நேரம் பிள்ளைங்களோட உட்கார்ந்துட்டு அப்புறம் பேசுறேன்" என்று சொல்லுங்கள். முதல் வருகையில் அவர் நம்ப மாட்டார். மூன்றாவது வருகையில் நம்பத் தொடங்குவார்.

தரையில் உட்கார்ந்தால் நின்றுகொண்டு பார்த்தபோது தெரியாதவை தெரியும். சுவரில் ஒட்டிய பழங்கள், விலங்குகள், எழுத்துகள் எல்லாம் நம் கண்ணுக்கு நேராக ஐந்தடி உயரத்தில் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளை அண்ணாந்தாலும் அதில் விரல் வைத்துப் பேச முடியாது. பொம்மைகள் உடைந்துவிடும் என்ற பயத்தில் பீரோவின் மேல்தட்டில் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருக்கும். அரை மணி நேரமாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத குழந்தை ஒன்று ஜன்னலோரம் இருக்கும். அது தொந்தரவு கொடுக்காத பிள்ளை என்பதாலேயே யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும். பணியாளர் கேட்கும் கேள்விகளையும் கவனியுங்கள். "இது என்ன நிறம்?" என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வரும், "காக்கா ஏன் பறந்து போச்சு?" என்பதற்குக் குழந்தை யோசித்து ஒரு வாக்கியம் பேசியாக வேண்டும். இரண்டாவது வகைக் கேள்வி எத்தனை முறை வந்தது என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டாலே, அந்த மையத்தில் மொழி எப்படி வளர்கிறது என்பது ஓரளவு விளங்கிவிடும்.

ஒரு மையத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன் கொட்டாங்குச்சியில் புளியங்கொட்டைகளை அள்ளிப் போடுவதும் கொட்டுவதுமாக இருந்தான். "எனக்கு நாலு கொட்டை எடுத்துக் குடு தங்கம்" என்று டீச்சர் கேட்டார். ஒரு கைப்பிடி அள்ளி நீட்டினான். அவர் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஒரு தட்டை வைத்து, ஒவ்வொன்றாக எண்ணிப் போடச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டவன் நிற்காமல் பத்து வரை போய்த்தான் நின்றான். எண்களின் பெயர் வரிசை அவனுக்கு மனப்பாடம்; ஆனால் நாலு என்பது ஓர் அளவு, அங்கே நிறுத்த வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக, 10 வரை எண்ணத் தெரியும் என்று குறிக்கப்பட்டிருந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் அடுத்து அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தத் தட்டுதான் சொல்லிற்று, பதிவேடு சொல்லவில்லை.

இத்தாலியக் கல்வியாளரான மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். குறுக்கிடாமல் குழந்தையைக் கவனித்துப் பார்க்கப் பழகுவது அவருடைய முறையில் ஆசிரியருக்கான அடிப்படைப் பயிற்சி. அவர் பெயரைச் சொல்லி மரப்பொருட்களை வாங்கி வைத்துக்கொண்ட நாம், காசு செலவில்லாத இந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு வருகைக்கு ஒரே ஒரு மாற்றம்

பார்த்த குறைகள் பத்து இருந்தாலும், அன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதவியாளரோ தாய்மாரோ இல்லாத இடத்தில் பணியாளரோடு உட்கார்ந்து, முதலில் அவரைப் பேச விடுங்கள். "இன்னைக்கு எந்தப் பிள்ளை உங்களை யோசிக்க வச்சுது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். அவர் சொல்வதிலிருந்தே பேச்சைத் தொடங்கினால், நீங்கள் சொல்ல நினைத்ததைப் பல நேரங்களில் அவரே சொல்லிவிடுவார். குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், கூடவே செய்தும் காட்டுங்கள். கதையை நடித்துச் சொல்லுங்கள் என்று பத்து முறை அறிவுறுத்துவதைவிட, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்களே ஒரு முறை கரடியாகத் தவழ்ந்து காட்டுவது பலன் தரும்; பிள்ளைகளும் அடுத்த மாதம் உங்களைக் கண்டு ஒளிந்துகொள்ள மாட்டார்கள்.

பார்வைக் குறிப்பேட்டில் எழுதும் வாக்கியத்துக்கும் இது பொருந்தும். "முன்பருவக் கல்வியில் கூடுதல் கவனம் செலுத்தவும்" என்று எழுதினால், என்ன செய்ய வேண்டும் என்று எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. "சுவர்ப் படங்களைக் குழந்தைகளின் கண் உயரத்துக்கு இறக்கி ஒட்ட வேண்டும், காலித் தீப்பெட்டிகள் 20 சேர்த்து வைக்க வேண்டும்" என்று எழுதினால் அடுத்த வருகையில் நடந்ததா இல்லையா என்று பார்க்கலாம்.

எண்களைக் கண்டு கோபப்படுகிறவருக்கு உண்மையான எண் கிடைக்காது

இந்த வேலையில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் எடையும் கைச்சுற்றளவும்தான். மேல்கை நடுப்பகுதியின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அதை அளக்கும் வண்ண நாடா சிவப்பைக் காட்டும், 11.5 முதல் 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. சிவப்பில் இருக்கும் குழந்தை கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டில் இருக்கிறது, உடனே மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும். இது பணியாளர் அனைவருக்கும் தெரியும். ஆனால் மாதாந்திரக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், "உங்க மையத்துல மட்டும் ஏன் சிவப்பு கூடிக்கிட்டே போகுது?" என்று ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். அடுத்த மாதம் அவர் மையத்தில் சிவப்பு இருக்காது. பக்கத்து மையங்களிலும் இருக்காது. பிள்ளை மெலிந்தபடியேதான் இருக்கும். எழுத்தில் மட்டும் 200 கிராம் ஏறியிருக்கும்.

ஆகவே சிவப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரை முதலில் பாராட்டுங்கள். அந்தக் குழந்தைக்காக நீங்கள் செய்யக்கூடிய ஒன்றை அன்றைக்கே செய்யுங்கள்: கிராம சுகாதாரச் செவிலியருடன் பேசுவது, பணியாளரோடு அந்த வீட்டுக்கு நடப்பது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய் போய் வந்தாரா என்று கேட்பது. தராசு சரியாக இல்லையென்றால் அதற்குப் பணியாளரைக் குறை சொல்லாதீர்கள். ஒரே குழந்தையை இரண்டு மையங்களின் தராசுகளில் நிறுத்திப் பார்த்தால் சில நேரம் உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

2021 முதல் குழந்தைகளின் எடை, வருகை போன்றவற்றைப் போஷன் டிராக்கர் செயலியில் பதிவு செய்யும் வேலையும் சேர்ந்திருக்கிறது. சிக்னல் இல்லாத ஊரில் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நிற்கும் பணியாளர், அந்த நேரத்தில் கதை சொல்ல முடியாது. காலை 10 முதல் 12 வரை செல்பேசி பீரோவில் இருக்கட்டும், பதிவு எல்லாம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் என்று ஓர் ஏற்பாட்டை நீங்களே சொல்லி, அந்த நேரத்தில் அறிக்கை கேட்டுத் தொலைபேசியில் அழைக்காமல் இருங்கள். இந்த இரண்டாவது பாதிதான் கடினம்.

உதவியாளர், கூட்டம், பெற்றோர்

உதவியாளரைச் சமையலுக்கு வந்தவர் என்றே பலர் நடத்துகிறார்கள். ஆனால் காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளையை அழைத்து வருவதும், அழும் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதும் அவர்தான். எந்த வீட்டில் நேற்று இரவு சண்டை என்பதும் அவருக்குத்தான் தெரியும். வருகையின்போது பத்து நிமிடம் அடுப்படியில் அவரோடு பேசுங்கள். பணியாளருக்கும் அவருக்கும் மனத்தாங்கல் இருந்தால் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தே கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் நீங்களும் அந்தச் சண்டையில் ஓர் ஆள் ஆகிவிடுவீர்கள்.

மாதக் கூட்டம் எண்களைக் கூட்டிக் கொடுக்கும் இடமாகவே முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் 20 நிமிடத்தை மட்டும் பிரித்து வையுங்கள்: ஒரு பணியாளர் தன் மையத்தில் பிடித்துப்போன ஒரு செயல்பாட்டை மற்றவர்களைப் பிள்ளைகளாக்கி நடத்திக் காட்டட்டும். கூட்டத்தையே ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு மையத்தில் வைத்தால், பக்கத்து ஊரில் பல்லாங்குழியை எப்படிக் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை எல்லாரும் நேரில் பார்ப்பார்கள். சுற்றறிக்கையால் நடக்காதது இதனால் நடக்கிறது.

பெற்றோரின் எதிர்பார்ப்பு இன்னொரு வகையானது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டதிலிருந்து, மற்ற ஊர்களிலும் "எங்க பிள்ளைக்கு எப்ப ஏபிசிடி எழுதக் கத்துத் தருவீங்க?" என்ற கேள்வி வலுத்திருக்கிறது. தனியார் பள்ளி வேன் தெருவில் நிற்கும்போது, விளையாட்டே கல்வி என்று சொற்பொழிவு ஆற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள். தாய்மார்களை மையத்துக்கு அழைத்து, களிமண்ணை உருட்டவும் ஊசியில் நூல் கோக்கவும் வையுங்கள். எந்த விரல் வலிக்கிறது என்று கேளுங்கள். பென்சிலைப் பிடிக்கும் விரல்கள் அவையே என்று அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

மேலே சொன்ன பொறுமை எதுவும் பாதுகாப்புக்குப் பொருந்தாது. கொதிக்கும் சாம்பார்ப் பாத்திரம் குழந்தை நடமாடும் இடத்தில் இருந்தால், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி இருந்தால், கதவு இல்லாத கழிப்பறை இருந்தால், அது சரியாகும்வரை அன்று மையத்தை விட்டு நகராதீர்கள். அடிப்பதும் இருட்டறையில் விடுவேன் என்று மிரட்டுவதும் எந்தப் பணியாளருக்கும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதி இல்லை. பாலியல் துன்புறுத்தல் பற்றிய ஐயம் எழுந்தால் விசாரித்து முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல. 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098 ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்த மாதம் அதே மையத்துக்குப் போகும்போது, பேருந்திலேயே போன வருகையில் எழுதிய வாக்கியத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். நடந்திருந்தால் அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். நடக்கவில்லையென்றால் எது தடுத்தது என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோது ஒரு பணியாளர் என்னைச் சுவரோரம் அழைத்துப் போய், இறக்கி ஒட்டிய படங்கள் கீழே கிடப்பதைக் காட்டினார். மழைக்கு ஓதம் ஏறி, சுவரின் கீழ்ப்பாதியில் எதை ஒட்டினாலும் உதிர்ந்துகொண்டிருந்தது. மூன்றடி உயரத்தில் இரண்டு ஆணி அடித்து, ஒரு கொடி கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டோம். ஓதத்தைப் பற்றி ஊராட்சித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அன்றே நானும் கையெழுத்திட்டேன்.