ஒக்டோபரில் ஆற்று பாஸ் மீன் பிடிப்பது எப்படி: கிராண்ட் ஆற்றுக் குறிப்புகள்

செப்ரெம்பர் பிறந்தால் ரொறன்ரோப் பக்கத்துத் தூண்டில்காரர் பாதிப்பேருக்குச் சமன் மீன் (salmon) பைத்தியம் பிடித்துவிடும். கிரெடிட் ஆற்றிலும் போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றிலும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பார்கள். அதே நாட்களில் 401 நெடுஞ்சாலையில் மேற்கே போய் கேம்பிரிட்ஜில் இறங்கினால் கிராண்ட் ஆறு அநேகமாக ஆளில்லாமல் கிடக்கும். குளிர்காலத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ள ஸ்மோல்மவுத் பாஸ் (smallmouth bass) என்ற நன்னீர் மீன் மும்முரமாகத் தின்பது அப்போதுதான்.

கோடையில் ஓரிரு தடவையாவது தூண்டில் வீசிப் பழகியவர்களுக்கான பதிவு இது. ரீலில் நூல் சுற்றுவதெல்லாம் சொல்லப்போவதில்லை. முடிச்சில் இரண்டு தெரிந்தால் போதும்: ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்) கட்ட பலோமர், நூலோடு நூல் இணைக்க டபுள் யூனி.

1. முதலில் சட்டம்

18 முதல் 64 வயது வரையான ஒன்ராறியோவாசிகளுக்கு அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸ் இரண்டு வகை. ஸ்போர்ட் எடுத்தவர் 6 பாஸ் வரை வைத்திருக்கலாம், கொன்சவேஷன் எடுத்தவர் 2. பிடித்ததைத் திரும்ப விடுகிறவர் என்றால் கொன்சவேஷனே போதும், காசும் குறைவு.

கிராண்ட் ஆறு 16ஆம் மீன்பிடி வலயத்துக்குள் வருகிறது. அங்கே பாஸ் காலம் ஜூன் நாலாவது சனிக்கிழமை தொடங்கி நவம்பர் 30 வரை. ஆனால் வலயப் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதன் பின்னால் வரும் விதிவிலக்குப் பட்டியலில்தான் ஆற்றின் சில பகுதிகளுக்கு என்ன தூண்டில், என்ன இரை, எத்தனை மீன் என்பதெல்லாம் தனியாக இருக்கும். நீங்கள் நிற்கப்போகும் இரண்டு பாலங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு எது பொருந்தும் என்று அந்த வருட விதித் தொகுப்பில் பார்த்துவிட்டே காரை எடுங்கள்.

உயிர் இரை பற்றி என் கருத்து: வேண்டாம். 2022 முதல் மாகாணம் நான்கு இரை வலயங்களாகப் பிரிந்திருக்கிறது. இரைமீனை வாங்கிய வலயத்துக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது, உங்கள் வீடு இருக்கும் வலயத்துக்கு வெளியே மீன்பிடித்தால் பற்றுச்சீட்டும் கையில் இருக்கவேண்டும். கல்லுக்கடியில் கிடக்கும் கிரேபிஷை (இறால் போன்ற நன்னீர்ப் பிராணி) எடுத்தால் அந்த நீர்நிலையிலேயே பாவிக்கவேண்டும். பிளாஸ்ரிக் இரைக்கு இந்தத் தலையிடி ஒன்றுமில்லை, மீனும் குறை சொல்வதில்லை.

2. வீட்டிலிருந்தே ஆற்றைப் பாருங்கள்

கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு அதிகாரசபை தன் இணையத்தளத்தில் நீரோட்ட அளவுகளை வெளியிடுகிறது. வெஸ்ற் மொன்ட்ரோஸ், டூன், கோல்ட், பிரான்ட்ஃபோர்ட் என்று இடத்துக்கிடம் அளவுமானிகள் உண்டு. செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் என்ற எண்ணை விட, வரைபடத்தில் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். ஏறிக்கொண்டிருந்தால் கலங்கல் தண்ணீரும் மிதக்கும் குப்பையும். அன்றைக்கு வேறு வேலை பாருங்கள். மழைக்குப்பின் இரண்டு மூன்று நாளாக இறங்கிக்கொண்டு வந்தால், உடனே புறப்படலாம்.

மழையே இல்லாமல் கோடு ஏறுவதும் உண்டு. 1942 இல் கட்டி முடித்த ஷான்ட் அணையும் மற்ற அணைகளும் அடுத்த வசந்த வெள்ளத்துக்கு இடம் வைக்க இலையுதிர் காலத்தில் நீர்த்தேக்கங்களை இறக்கும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று நம்பி ஆற்றுக்குள் இறங்குகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்திருக்கவேண்டும்.

இன்னொன்று, கயிற்றில் கட்டிய சின்ன வெப்பமானி. மலிவான சாமான், பெட்டியில் இருக்கும் எந்தப் பகட்டு இரையையும் விடப் பிரயோசனமானது. தண்ணீர் 15 பாகைக்கு மேலே இருந்தால் பாஸ் இன்னும் துரத்தித் தின்னும். ஸ்பின்னர்பெயிட், ஜேர்க்பெயிட் போன்ற வேகமாக இழுக்கும் இரைகள் எல்லாம் எடுபடும். 10க்கும் 15க்கும் நடுவில் வேகத்தைக் குறையுங்கள். 10க்குக் கீழே போனால் அடியோடு ஒட்டி, மிக மெதுவாக. 5 பாகையை நெருங்கினால் தின்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

கோடையில் விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிப் பழகியவர்களுக்கு நல்ல செய்தி: இந்தக் காலத்தில் காலை பத்து மணிக்குப் பிறகு போனால் போதும். வெயில் பட்டுத் தண்ணீர் அரைப் பாகை ஏறும் பின்னேரம்தான் பெரும்பாலும் நல்லது.

3. இடம்

ஜூலையில் மீன் கிடைத்த வெள்ளை நுரைப் பாய்ச்சலை மறந்துவிடுங்கள். குளிரக் குளிர பாஸ் ஓட்டத்தோடு மல்லுக்கட்ட விரும்பாது. ஆளுயரத்துக்கு மேல் ஆழமுள்ள மடுக்களைத் தேடிப் போகும், அதற்காகச் சில கிலோமீற்றர்கள்கூட நகரும். ஆற்றின் வளைவில் வெளிப்பக்கக் கரை, பாலத்தூணின் கீழ்ப்புறம், பாய்ச்சல் முடிந்து தண்ணீர் இருண்டு பச்சையாகும் இடம், பெரிய கல்லின் பின்னாலுள்ள சுழி, இவற்றைப் பாருங்கள். வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் கோடு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியும். செப்ரெம்பரில் மீன் அந்தக் கோட்டில் நிற்கும். நவம்பரில் கோட்டை விட்டு மெதுவான பக்கத்துக்கு உள்ளே தள்ளி நிற்கும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் கேம்பிரிட்ஜிலிருந்து பாரிஸ் வரை பழைய ரயில் பாதையில் போடப்பட்ட 18 கிலோமீற்றர் நடைபாதை. ஆற்றை ஒட்டியே போகிறது. கிளென் மொறிஸில் காரை விட்டு இரண்டு பக்கமும் நடக்கலாம். மடு என்று படும் இடத்தில் நின்று வீசுங்கள், அரை மணி நேரத்தில் ஒன்றும் இல்லையென்றால் அடுத்த மடு. ஆனால் ஒன்று கிடைத்த இடத்தை விட்டு நகராதீர்கள். இந்தக் காலத்தில் பாஸ் கூட்டமாகவே நிற்கும்.

பிரான்ட்ஃபோர்டுக்குக் கீழே போகிறவர்களுக்கு ஒரு சொல். 1784 ஹல்டிமண்ட் பிரகடனம் இந்த ஆற்றின் இருமருங்கும் ஆறாறு மைல் நிலத்தை ஹோடனோஷோனி (சிக்ஸ் நேஷன்ஸ்) பூர்வகுடி மக்களுக்கென்று ஒதுக்கியது. இன்று சிக்ஸ் நேஷன்ஸிடம் மிஞ்சியிருப்பது அதில் மிகச் சிறிய பங்கு. நிலம் பறிபோவது என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அவர்களுடைய கரையில் கேளாமல் கால் வைக்காதீர்கள்.

4. சாமான்

6 அடி 8 அங்குலம் முதல் 7 அடி வரையான மீடியம் லைட் ஸ்பின்னிங் தடி, 2500 அளவு ரீல், 10 இறாத்தல் பிரெயிட் நூல், முன்னால் கை விரித்த நீளத்துக்கு 8 இறாத்தல் புளோரோகாபன். முழுக்கத் தங்கூசியாக (நைலோன் நூல்) போடாதீர்கள். அது இழுபடும், அடிக்கல் தட்டுவது கைக்கு வராது. ஏன் என்பது அடுத்த படியில் விளங்கும்.

இரையில் இரண்டே இரண்டு. மூன்று அங்குல ரியூப் (குழாய் போல உள்ளே வெறுமையான பிளாஸ்ரிக் இரை), பச்சை கலந்த மண்ணிறம். மற்றது நெட் ரிக்: தட்டையான காளான் தலை ஜிக்கில் விரல் நீள பிளாஸ்ரிக் துண்டு. நெட் ரிக்குக்கு ஸீ-மான் கொம்பனியின் இழுபடும் பிளாஸ்ரிக் நன்றாக மிதந்து நிமிர்ந்து நிற்கும். ஆனால் அதை மற்ற பிளாஸ்ரிக்குகளோடு ஒரே பையில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிப் பசையாகிவிடும். வாங்கிய பையிலேயே வைத்திருங்கள்.

காசை இரையில் கொட்டாமல் ஜிக் தலைகளில் கொட்டுங்கள். 1/16, 1/8, 3/16, 1/4 அவுன்ஸ், நாலு எடையும் வேண்டும்.

5. அடியைத் தொட்டுக்கொண்டு மிதக்கவிடுவது

மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மீன் இல்லாமல் திரும்புகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இது. மெதுவாக வாசியுங்கள்.

ஆற்றைப் பார்த்து நில்லுங்கள். நேர் எதிர்க்கரையை நோக்கி அல்ல, அதற்குச் சற்று மேல்நோக்கி வீசுங்கள். ஜிக் தண்ணீரில் விழுந்ததும் ரீலை உடனே பூட்டாமல் அடியைத் தொடும்வரை நூலைப் போகவிடுங்கள். நூல் தொய்ந்ததும் பூட்டித் தடியை உயர்த்திப் பிடியுங்கள். இனி இரையை இழுப்பது ஆற்றின் வேலை. நீங்கள் செய்யவேண்டியது, ஓட்டம் கொண்டுவரும் தொய்வை மட்டும் அதே வேகத்தில் சுற்றி எடுப்பது. அதற்கு மேல் சுற்றினால் ஜிக் அடியை விட்டு எழும்பிவிடும், குறைத்துச் சுற்றினால் கல் இடுக்கில் போய்ச் செருகிவிடும்.

சரியாக நடந்தால் கைப்பிடியில் "டிக்" என்று ஒரு தட்டு. இரண்டு மூன்று செக்கன் கழித்து இன்னொரு தட்டு. அவ்வளவுதான் வேண்டும். விடாமல் உரசிக்கொண்டே வந்தால் எடை அதிகம், ஒரு படி இறங்குங்கள். தட்டே இல்லாமல் வந்தால் எடை போதாது, ஒரு படி ஏறுங்கள். மீன் கடிக்கவில்லை என்றவுடன் நிறத்தை மாற்றுவதுதான் எல்லோருக்கும் பழக்கம். நிறத்தை விடுங்கள், எடையை மாற்றுங்கள். ஒரே மடுவில் மேல் முனைக்கு 1/4, கீழ் முனைக்கு 1/8 என்று மாற்றவேண்டி வருவது சாதாரணம்.

கடி எப்படித் தெரியும்? கோடையில் மாதிரி வெடுக்கென்று இழுப்பு வராது. தட்டுவது நின்றுவிடும். அடுத்த டிக் வரவேண்டிய நேரத்தில் வராது, நூல் கொஞ்சம் கனக்கும், அல்லது ஓட்டத்துக்குக் குறுக்கே நகரும். "கல்லில் மாட்டிவிட்டதோ" என்று சந்தேகம் வந்தால் தொய்வை எடுத்துத் தடியை நிமிர்த்துங்கள். உண்மையிலேயே கல்தான் என்றால் நட்டம் ஒன்றுமில்லை.

மாட்டிய ஜிக்கைப் பின்னால் இழுத்து இறுக்காதீர்கள். மேல்நோக்கி நாலடி நடந்து, நூலை மிதமான இறுக்கத்தில் வைத்து, வில்நாண் போல விரலால் இழுத்துச் சுண்டிவிடுங்கள். பாதிக்கு மேல் கழன்று வந்துவிடும்.

6. மீன் வந்தபின்

கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உறைபனி விழுந்த புல்லிலும் கல்லிலும் போடவேண்டாம். படம் எடுப்பதென்றால் கமெராவைத் தயார் செய்துவிட்டு மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள். தூண்டில் முள்ளின் பின்னோக்கிய கொளுவியைக் (barb) குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது இரண்டு செக்கன் வேலை.

பிற்சேர்க்கை

பதிவு போட்டபின் வந்த கேள்விகளில் மூன்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

இலை. மேப்பிள் கொட்டத் தொடங்கினால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு இலை வருகிறது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். காற்று அடித்த மறுநாள் இலை சுழிகளில்தான் போய்ச் சேரும், மீன் நிற்பதும் அங்கேதான். ரியூப்பின் உள்ளே முள் நுனியைத் தோலோடு மறைத்துச் செருகுங்கள். வீசியபின் தடி நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்தால் நூல் மிதக்கும் இலைகளுக்குக் கீழே போகும். தட்டு கொஞ்சம் மங்கும், பரவாயில்லை.

வேடர் (wader, தண்ணீருக்குள் இறங்கப் போடும் நீர்புகா உடுப்பு). தொடங்கும்போது தேவையே இல்லை, இந்தக் காலத்து மடுக்கள் பல கரைக்குக் கிட்டவே இருக்கின்றன. இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் இடுப்புப் பட்டி இறுக்கி, மிதவை அங்கி போட்டு, கையில் ஊன்றுகோலோடு, கூட ஒருவர் கரையில் நிற்கும்போது இறங்குங்கள். 8 பாகைத் தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சுத் திணறும், கொஞ்ச நேரத்தில் கைவிரல் வேலை செய்யாது. நீச்சல் தெரிந்தவருக்கும் அதேதான்.

குழம்பு. ஒரு அக்கா நேராகவே கேட்டுவிட்டா: "விடுறதுக்கோ அவ்வளவு தூரம் போறீங்கள்?" காலமும் எண்ணிக்கையும் சரியென்றால், அந்தப் பகுதிக்கு வேறு விதி இல்லையென்றால், கொண்டுபோகச் சட்டத்தில் தடையில்லை. என்றாலும் இந்த ஊர்க் குளிரில் 40 சென்ரிமீற்றர் பாஸ் வளரப் பல வருடம் எடுக்கும். நவம்பரில் ஒரு மடுவைக் காலி செய்தால் அக்கம்பக்க ஆறு முழுவதுக்குமான மீனைக் காலி செய்ததாகிவிடும். ஒன்று வேண்டுமென்றால் செப்ரெம்பரில் சின்னதாக ஒன்று எடுங்கள். எடுக்குமுன் எந்த நீரில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மாகாண அரசு வெளியிடும் உண்ணும் வழிகாட்டியைப் பாருங்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனிப் பத்தி இருக்கிறது.