உங்க வீட்டு கரன்ட் பில்லுலயே கார்பன் கணக்கு இருக்கு

கார்பன் ஃபுட்பிரின்ட்னு எல்லாரும் சொல்றாங்க, அதாவது நாம பண்றதால எவ்ளோ கார்பன் டை ஆக்சைடு காத்துல சேருதுங்கிற கணக்கு, நம்ம வீட்டுக்கு எவ்ளோன்னு பார்க்க ஆப் எதுவும் வேணாம், ரெண்டு மாசத்துக்கு ஒருதடவ வர்ற கரன்ட் பில்லே போதும். அதுல இருக்கிற யூனிட்ட 0.7 ஆல பெருக்குங்க, அவ்ளோ கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஏன்னா நம்ம நாட்டுல கரன்ட் பெரும்பாலும் நிலக்கரிய எரிச்சுதான் வருது. 400 யூனிட்னா 280 கிலோ!

14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒண்ணு தீர்ந்தா சுமார் 42 கிலோ, பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலோட எடையே முக்கா கிலோதான, எப்படி இவ்ளோ வருதுன்னு கேப்பீங்க, எரியும்போது அதுல இருக்கிற கார்பன் காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேருது, அதான். இதுல கணிசமான பங்கு நூத்துக்கணக்கான வருஷம் வானத்துலயே தங்கி வெப்பத்த வெளிய விடாம பிடிச்சு வைக்குது, நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலயும் இருக்கும்ங்க, அதான் எனக்கு ரொம்ப கவலையே.

முதல்ல மாத்த வேண்டியது ஃபேன். பழசு 75 வாட், கம்மி கரன்ட்ல ஓடுற மோட்டார் வச்ச பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம்தான், தினம் 12 மணி நேரம் ஓடினா ஒரு பில்லுக்கு 32 யூனிட் மிச்சம், அதாவது 22 கிலோ. ஏசிய 24க்கு கீழ இறக்காதீங்க.